பூக்கூடைக்கு எத்தனை மணிக்கு வண்டி?



சிகந்திராபாத்தை ஒட்டி, தண்டவாளத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர் லாலாகுடா. நிஜாம் காலத்து ரயில்வே 1893இல் அங்கே ஒரு பணிமனையை நிறுவியது. பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் பல உண்டு. என் அப்பாவும் ஜோலார்பேட்டையிலிருந்து அப்படிப் போனவர்தான், ஃபிட்டர் வேலை. காலையில் சங்கு ஊதினால் போதும், காக்கிச் சட்டையும் சைக்கிளுமாகத் தெரு நிறைந்துவிடும். ஊரின் போக்குவரத்து என்றால் அதுதான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது டிக்கெட் கவுண்டர். 2003 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு பல வருடம் நான் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தேன். நேயர்களே, அந்த அரைவட்டத் துளை வழியாக முகம் முழுசாகத் தெரியாது, கைதான் தெரியும். கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். சீசன் டிக்கெட் வாங்குகிற கைக்கு அவசரம் உண்டு, தயக்கம் இருக்காது. மாதத்தின் முதல் வாரம், அதே இரண்டு ஸ்டேஷன், அதே தொகை. சிகந்திராபாத்தில் ஏறினால் ஹைடெக் சிட்டியில் இறங்குகிற கை அது.

இன்னொரு வகைக் கை பாத்திரம் தேய்த்த ஈரம் காயாமல் வரும். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைக்கும். அப்படி வந்த ஒரு அம்மாவிடம், "தினம் வர்றீங்களே, சீசன் எடுத்தா மிச்சமாகுமே" என்றேன். அவர் தன் ஒரு நாளைச் சொன்னார். காலையில் பேத்தியை மெட்டுகுடாவில் பள்ளியில் விட வேண்டும். தார்நாகாவில் இரண்டு வீட்டு வேலை. செவ்வாய்க்கிழமை என்றால் மாமியாரைக் காந்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். திரும்பும்போது மோண்டா மார்க்கெட்டில் காய். "இதுல எந்த ரெண்டு ஊருக்கு அக்கா சீசன் எடுக்கிறது?" என்று கேட்டார். தெலுங்கிலும் அக்கா என்றால் அக்காதான்; அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

சீசன் டிக்கெட் என்பதே ஒரு வழி, இரண்டு முனை என்று வாழ்கிறவருக்காகச் செய்யப்பட்டது. அந்த அம்மாவின் பயணமோ நாலைந்து துண்டு. ஒவ்வொன்றும் குறைந்த தூரம், பாதி நேரம் ரயில் பாதையிலேயே வராது, மதியம் ரயில்களின் இடைவெளி நீளும்போதுதான் அவருக்கு ரயில் தேவைப்படும். பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட், ஷேர் ஆட்டோவுக்கு ஒரு காசு, ரயிலுக்கு ஒன்று என்று இறங்கி ஏறும் இடமெல்லாம் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். தூரம் குறைவாகப் போகிறவர் கிலோமீட்டருக்கு அதிகம் கொடுக்கிறார். இத்தனைக்கும் 1932இல் ஹைதராபாத்தில் 27 வண்டிகளோடு அரசு பஸ் தொடங்கியபோது, அதை நடத்தியது நிஜாம் ரயில்வேதான். ரயிலும் பஸ்ஸும் அன்று ஒரே வீடு.

இப்படித் துண்டு துண்டாகப் பயணிக்கிற பெண்கள் அரசுக் கணக்கில் வருவதும் அரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். மிக நல்ல காரியம். ஆனால் பேத்தியைப் பள்ளியில் விடுவதும் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்தக் கேள்விக்குள் வரவில்லை.

இதனால்தான் தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 அன்று தொடங்கிய மகாலட்சுமித் திட்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை. ஆனாலும் கண்டக்டர் பூஜ்ஜியம் ரூபாய் என்று அச்சிட்ட டிக்கெட் ஒன்றைக் கொடுக்கிறார். டிக்கெட் கொடுத்தே பழகிய எனக்கு அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல் தனி மதிப்பு. சில்லறை மிச்சமானது ஒரு பக்கம். அந்த அம்மாவின் நாலு துண்டுப் பயணமும் முதல்முறையாக ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது, அதுதான் எனக்குச் சந்தோஷம்.

இதிலும் விடுபட்டவர்கள் உண்டு. ஆதார் போன்ற அடையாள அட்டையில் தெலங்கானா முகவரி வேண்டும். வேலூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி மெட்டுகுடாவில் பஸ் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்வந்து பழகியவர் அவர். ஆட்டோ ஓட்டுகிறவர்களும் வருமானம் குறைந்துவிட்டது என்று தெருவில் இறங்கிப் போராடினார்கள். பஸ் போகாத சந்து வரைக்கும் கொண்டுவிடுகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் பிழைப்பையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மெட்ரோ ரயிலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் குறைவு. 2017 நவம்பரில் மெட்டுகுடா வழியாக நாகோல் வரை வந்தது. முட்டிவலிக்காரர்களுக்கு அதன் ஸ்டேஷன் லிஃப்ட் ஒரு வரம். சக்கர நாற்காலிக்காரர் யாரையும் கெஞ்சாமல் பிளாட்பாரத்துக்குப் போவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் பத்து ரூபாயில் தொடங்கி அறுபது வரை போன அன்றைய கட்டணமே வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணை யோசிக்க வைத்தது.

கடைசியாக ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். லாலாகுடாவில் பூ விற்கிற பெண் அவர். என் கவுண்டருக்கு வந்து "முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். நேரம் மாறியிருக்காதா என்ற ஆசை. குடிமல்காபூர் பூச்சந்தை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. விடிந்த பிறகு போனால் நல்ல பூ மிஞ்சாது. மெட்ரோ கதவு திறக்க ஆறு மணி ஆகும். நாலு பெண்கள் சேர்ந்து ஆட்டோ பேசிக்கொண்டு போவார்கள். அன்றைய லாபத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். பகலில் பஸ் ஏறினாலும் கூடையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு.

பூஜ்ஜிய டிக்கெட்டுகளை எண்ணுகிறவர்கள், டிக்கெட்டே கிழிக்கப்படாத அந்த விடியற்காலை நாலு மணியையும் ஒரு நாள் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். மெட்டுகுடாவில் ஒரு பஸ் நிற்கட்டும், கூடை வைக்க இடத்தோடு. அந்தப் பூக்காரப் பெண் கேட்டால் நேரத்தைச் சொல்ல, ஓய்வு பெற்ற நானும் தயாராக இருக்கிறேன்.