லாக் நட் கழலவில்லையா?

(ஓட்டுநர்கள், டயர் கடைத் தொழிலாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு சிறிய நட், ஒரு பெரிய வண்டியை நிறுத்திவிடும். அந்த நட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நாக்பூரிலிருந்து ஹைதராபாத் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இரவு நேரம். ஒரு வாடகைக் கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் பஞ்சர் ஆகிறது. ஸ்டெப்னி இருக்கிறது. ஜாக்கி இருக்கிறது. வீல் ஸ்பேனரும் இருக்கிறது. மூன்று நட்டுகள் கழன்றுவிட்டன. நான்காவது நட்டில் ஸ்பேனர் பொருந்தவே இல்லை. ஏன்? அது லாக் நட்.

லாக் நட் என்றால் என்ன?

அலாய் வீல் விலை அதிகம். அதைத் திருடாமல் இருக்க, சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு லாக் நட் போடுகிறார்கள். அதன் தலையில் தனி வடிவத்தில் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பொருந்தும் சிறிய சாவி ஒன்று உண்டு. சாவியை நட்டில் பொருத்தி, அதன் மேல் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டும். சாவி இல்லாவிட்டால் சொந்தக்காரரும் திருடனும் ஒன்றுதான். இருவராலும் கழற்ற முடியாது.

நட் ஏன் சிக்கிக்கொள்கிறது?

பல சிறிய கார்களின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இது எவ்வளவு? ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை. கடையில் உள்ள காற்றுத் துப்பாக்கி இதைப்போல் பல மடங்கு இறுக்கிவிடும். அப்போது சாவியின் பற்கள் தேயும், உடையும். நட்டின் பள்ளமும் கெடும். துருப் பிடித்தாலும் நட் அசையாது.

எப்படிக் கழற்றுவது?

முதலில் வண்டியைச் சமதரையில், சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வையுங்கள். ஜாக்கி இப்போது வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கட்டும்.

மற்ற நட்டுகளைக் கழற்றியிருந்தால் அவற்றைத் திரும்பப் போட்டு இறுக்குங்கள். லாக் நட்டின் மேல் உள்ள பாரம் குறையும். பள்ளத்தில் உள்ள மண்ணைத் துடையுங்கள். துருவை இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டுக் காத்திருங்கள். எண்ணெய் பிரேக்கில் படக் கூடாது. பிறகு சாவியை நன்றாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், சீராகத் திருப்புங்கள். வெடுக்கென்று இழுத்தால் சாவி உடையும்.

சாவி உடைந்துவிட்டதா? பள்ளம் கெட்டுவிட்டதா? இதற்கென்றே ஒரு சாக்கெட் உண்டு. அதன் உள்ளே இடப்பக்கம் சுற்றும் மரை இருக்கும். திருப்பத் திருப்ப நட்டைக் கடித்துப் பிடிக்கும். அது இல்லாவிட்டால், நட்டை விடச் சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். நீண்ட கைப்பிடியால் திருப்பினால் நட் கழன்றுவரும். சில லாக் நட்டுகளின் வெளி வளையம் தனியே சுற்றும். அவற்றில் இந்த வழி பலிக்காது. அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

சுத்தியல் அடிக்கும்போது கண்ணாடி அணியாமல் இருக்கக் கூடாது. இரும்புத் துண்டு கண்ணில் தெறிக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் மேல் அடிக்கக் கூடாது. வண்டி சரியும். டயர் மாட்டிய சக்கரத்தை கேஸ் விளக்கால் சூடாக்கக் கூடாது, வெல்டிங்கும் வைக்கக் கூடாது. சூடேறிய டயர் வெடித்தால் உயிரே போகும். ஒரு நட்டுக்காக ஓர் உயிரா?

வண்டியில் நோயாளி இருந்தால் நட்டோடு போராட வேண்டாம். 108-க்குப் போன் செய்து முதலில் அவரை அனுப்புங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது.

திரும்ப மாட்டும்போது

மரையைத் துடையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். லாக் நட்டுக்குக் காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

இந்த ஒரு வரியை மனத்தில் வையுங்கள்: கழற்றும்போது லாக் நட் முதலில், மாட்டும்போது லாக் நட் கடைசியில்.

நண்பர்களே, சாவியின் மீதோ, அதனோடு வந்த அட்டையிலோ ஒரு குறி எண் இருக்கும். சாவி தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லிப் புதிய சாவி கேட்கலாம். எண் தெரியாவிட்டால் திண்டாட்டம்தான். இன்றே வண்டியைத் திறந்து சாவி எங்கே என்று பாருங்கள். டயர் கடையில் வேலை முடிந்ததும் சாவியைக் கேட்டு வாங்குங்கள். அதன் எண்ணைப் படியுங்கள். உங்கள் கையாலேயே நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை வீட்டில் வையுங்கள். சாவியை வண்டியில் வையுங்கள்.