பூட்டோடு வந்த கம்பியூட்டர்

(தோட்ட வாசிகசாலைகளில் கம்பியூட்டருக்குப் பொறுப்பாக இருக்கும் இளைஞர்களுக்கான ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை விறகு வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நமது டிவிஷன்களுக்கு வந்து சேரும் கம்பியூட்டர்களில் அநேகமானவை புதியவை அல்ல. ஏதோ ஒரு அலுவலகத்தில் நாலைந்து வருடம் உழைத்துக் களைத்தவை. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டைக் கொடுத்தவர் சாவியைக் கொடுக்க மறந்த மாதிரி, சில மெஷின்கள் பூட்டோடேயே வருகின்றன. ஆன் பண்ணினால் வேலை செய்யும். பிள்ளைகள் தமிழில் எழுதட்டும், தமிழ் கீபோர்டைச் சேர்ப்போம் என்று 'செட்டிங்ஸ்' பக்கம் போனால், திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பட்டன்கள் சாம்பல் நிறத்தில் கிடக்கும். எத்தனை தரம் அமுக்கினாலும் அசையாது. இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் நிற்கும். "எந்த நிறுவனம் சேர், எங்கட தோட்டமா?" என்று ஒரு தம்பி எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. எல்லாமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

எங்களுடைய தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு டிவிஷனில் இப்படிப் பூட்டிய லெப்டொப் ஒன்றை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். "பார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார்கள். நாங்களும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டோம். லயத்துக்கு லயம் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது: வேலையிலிருந்து நின்ற பெரியவர்களின் ஈ.பி.எஃப். கடிதங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு தங்கச்சி பொறுமையாக டைப் பண்ணி வைத்திருந்த விண்ணப்பங்கள், அத்தனையும் அழிந்துபோயிருந்தன. அதோடு முடியவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்த உடனே, பழைய அலுவலகத்தின் பெயர் திரையில் வந்து, அந்த அலுவலகத்தின் ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டது. காசும் போச்சு, கடிதமும் போச்சு, பூட்டு மட்டும் போகவில்லை.

காரணம் இதுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் கம்பியூட்டர்களை மைக்ரோசொஃப்ட்டின் 'ஆட்டோபைலட்' என்ற ஏற்பாட்டில் பதிந்து வைப்பதுண்டு. அந்தப் பதிவு மெஷினுக்குள் இருப்பதில்லை, வெளியே மைக்ரோசொஃப்ட்டிடம் இருக்கிறது. எத்தனை தரம் பார்மட் பண்ணினாலும் அது அழியாது. பதிந்தவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. ஆகவே பூட்டைக் கண்டால் முதலில் பூட்டியவர் யார் என்று பாருங்கள். திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அதற்கும் முந்தி, முக்கியமான கடிதங்களை ஒரு பென்டிரைவில் கொப்பி எடுத்து வையுங்கள். இதை விட்டதால்தான் நாங்கள் அன்றைக்கு அவமானப்பட்டோம்.

சில வேளை யாருமே பூட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் உள்ளே போன கணக்கு சாதாரணக் கணக்காக இருக்கும், அவ்வளவுதான். பிரட்டுக்களத்தில் பேர் போடுகிறவர் ஒருவர், சம்பளக் கணக்கில் கையெழுத்து வைக்கிறவர் வேறொருவர் அல்லவா? கம்பியூட்டரிலும் அப்படித்தான். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'யுவர் இன்ஃபோ' பாருங்கள். பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் நீங்கள் கையெழுத்து வைக்கிறவர். இல்லாவிட்டால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

கையெழுத்து உங்களுடையதாக இருந்தும் அசையாவிட்டால், அதே அக்கவுண்ட்ஸில் வேலை அல்லது பள்ளிக்கூடத்துக்கான இணைப்பு என்று ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் 'எக்சஸ் வேர்க் ஓர் ஸ்கூல்'. அங்கே பழைய அலுவலகத்தின் பெயர் இருந்தால், தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவசரப்பட்டு 'டிஸ்கனெக்ட்' அமுக்க வேண்டாம். அலுவலகக் கணக்கினால் மட்டும் உள்ளே போகிற மெஷினாக இருந்தால், பிறகு நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும்.

செட்டிங்ஸே திறக்காவிட்டால் என்ன செய்வது? கறுப்புத் திரை வருமே, 'கமாண்ட் ப்ரொம்ப்ட்', அதைத் திறந்து ஜி, பி, ஆர், ஈ, எஸ், யூ, எல், டி என்று சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்ந்த கோடு, ஆர் என்று போட்டு என்டர் பண்ணுங்கள். எந்தெந்தக் கட்டளைகள் அமலில் உள்ளன, எங்கிருந்து வந்தன என்று காட்டும். ஓர் அலுவலகத்தின் பெயர் வந்தால் பூட்டு வெளியிலிருந்து வந்தது. 'லோக்கல் குரூப் பொலிசி' என்று மட்டும் வந்தால் பூட்டு மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, நாமே எடுக்கலாம். 'ப்ரோ' வகை விண்டோஸில் அதற்கென்று குரூப் பொலிசி எடிட்டர் உண்டு. யூசர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், கொன்ட்ரோல் பெனல் என்று வரிசையாகப் போனால், கொன்ட்ரோல் பெனலுக்குள் போவதைத் தடுக்கும் கட்டளை அங்கே இருக்கும். அதை 'நொட் கொன்ஃபிகர்ட்' ஆக்கினால் செட்டிங்ஸ் திறந்துகொள்ளும். 'ஹோம்' வகையில் இந்த எடிட்டர் கிடையாது.

இன்னொரு பூட்டுக்காரர் இருக்கிறார், அவர் திருடர். வைரஸ் உள்ளே வந்தால், தன்னைக் கண்டுபிடிக்காமல் இருக்க 'டாஸ்க் மெனேஜர்', 'ரெஜிஸ்ட்ரி எடிட்டர்' இரண்டையும் பூட்டி வைப்பதுண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருக்கிறார் என்று திரை சொல்லும். அட்மினிஸ்ட்ரேட்டரோ நீங்களாகவே இருப்பீர்கள். நேற்று வரை திறந்தது இன்றைக்குத் திறக்காவிட்டால் இந்தச் சந்தேகம் வரட்டும். முதலில் பூட்டை உடைக்கக் கூடாது. வைரஸ் உயிரோடு இருந்தால் மறுபடியும் பூட்டிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். அது முடிந்த பிறகுதான் பூட்டைத் திருத்த வேண்டும்.

பின்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்கிறார், ஆன் பண்ணின உடனேயே பாஸ்வேர்ட் கேட்கிறது, விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லை என்று. அது 'பயோஸ்' பூட்டு. பழைய மேசைக் கம்பியூட்டர்கள் சிலவற்றில் உள்ளே இருக்கும் 2032 என்ற காசு போன்ற பெட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் அது போகும். அலுவலக லெப்டொப்களில் பெரும்பாலும் போகாது. அதோடு 'பிட்லொக்கர்' போட்டிருந்தால், பயோஸில் கை வைத்த பிறகு 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி இல்லாமல் உள்ளே உள்ள எதையும் எடுக்க முடியாது, டவுன் கடைக்காரராலும் முடியாது.

ஆகவே நன்கொடை மெஷின் என்றால் எங்கள் வழி ஒரு கடிதம். முன்னே சொன்ன அந்த லெப்டொப்புக்கும் கடைசியில் அதைத்தான் செய்தோம். அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை எழுதி, கொடுத்த கடிதத்தின் கொப்பியையும் வைத்து, உங்கள் பட்டியலிலிருந்து இதை நீக்கித் தாருங்கள், பயோஸ் பாஸ்வேர்ட் இருந்தால் தாருங்கள் என்று அனுப்பினோம். இரண்டு கிழமையில் பதில் வந்தது. மறந்துவிட்டதாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள். காசு சேர்த்த அம்மாமாருக்கு அந்தக் காசை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் எங்களுக்கு வெட்கம்.

டவுனில் மலிவாக வாங்கிய லெப்டொப்பில் வேறொருவருடைய பெயரில் பூட்டு இருந்தால், அதில் கை வைக்காதீர்கள். களவு போன பொருளாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு நின்றுவிட்டன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய மெஷின்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அப்படிப்பட்ட மெஷினின் பூட்டைத் திறக்கக் காசு செலவழிக்க வேண்டுமா என்று கமிட்டியில் பேசி முடிவு எடுங்கள்.

கடிதத்தின் மாதிரிப் பிரதி வெளியே மேசையில் இருக்கிறது. உங்கள் வாசிகசாலை மெஷினின் சீரியல் நம்பரையும், அது யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதையும் எழுதிக்கொண்டு வந்தவர்கள் இப்போதே கொடுக்கலாம். எழுதி வராதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள்.