டிராக்டர் எஞ்சின் சூடேறினால் என்ன செய்வது?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பயிர் பற்றிப் பேச வேண்டியவர் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். சேற்றுழவின் நடுவே டிராக்டர் பழுதாகி ஒரு வாரம் பட்டறையில் நின்றுவிட்டால், நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். அதற்கும் மேலாக, கொதிக்கும் ரேடியேட்டரை அவசரத்தில் திறந்து முகமும் கண்ணும் வெந்துபோகும் விபத்துகள் நேரிடுகின்றன. இவை இரண்டையும் தவிர்க்க முடியும்.

வெப்பம் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. இந்த நீரைச் சுற்றவைப்பது நீர்ப்பம்பு. ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பது விசிறி. எஞ்சினின் சூட்டுக்கு ஏற்ப நீரின் வழியைத் திறந்து மூடுவது தெர்மோஸ்டாட். இவற்றுள் ஒன்று தவறினாலும் சூடு ஏறும்.

சேற்றுழவில் இந்தத் தொல்லை அதிகம். இரும்புச் சக்கரம் பூட்டிச் சேற்றில் இழுக்கும்போது பளு மிகுதி. வண்டியின் வேகமோ குறைவு. ஆகவே முழுக்க முழுக்க விசிறியை நம்பியே எஞ்சின் குளிர வேண்டியிருக்கிறது. கோடை உழவில் நண்பகல் வெயிலும் சேர்ந்துகொள்கிறது.

சூடேறுவதற்கான காரணங்கள்

1. ரேடியேட்டரின் முன்புறத் தகடுகளில் வைக்கோல் துகள், பதர், சேறு அடைத்துக்கொள்ளுதல். இதுவே முதலில் பார்க்க வேண்டியது. கதிரடிக்கும் களத்தில் வேலை செய்தால் அன்றாடம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கிக் காற்றோ மென்மையான நீர்வீச்சோ செலுத்தினால் தூசி வந்த வழியே வெளியேறும். கம்பியால் குத்தினால் தகடு மடங்கும், குழாய் ஓட்டையாகும்.

2. விசிறிப் பட்டை தளர்தல். எஞ்சின் நின்றிருக்கும்போது இரு உருளைகளுக்கு நடுவே பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். வெடிப்பு விட்ட பட்டையை உடனே மாற்றுங்கள்.

3. நீர்க்கசிவு. ரப்பர்க் குழாய்கள், அவற்றின் இறுக்குப் பட்டைகள், நீர்ப்பம்பின் அடிப்புறம் ஆகியவற்றில் ஈரமோ வெண்மையான கறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

4. உப்புப் படிவு. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரைத் தொடர்ந்து ஊற்றினால், சோற்றுப் பானையில் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு படியும். படிவு வெப்பத்தை நீருக்குக் கடத்தாது. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேறும். அமிலம், சலவைச் சோடா போன்றவற்றை நீங்களாகவே ஊற்றிக் கழுவ வேண்டாம். அலுமினியப் பாகங்களை அவை அரித்துவிடும்.

5. தெர்மோஸ்டாட் திறவாமல் நின்றுவிடுதல். இதைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா என்பது தெரியும். பழுதானால் புதியது போடுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது சிக்கனம் ஆகாது. எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமல் டீசல் அரைகுறையாக எரியும். சிலிண்டர் விரைவில் தேயும்.

6. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் கெடுதல். ஓடும்போது ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழி வருதல், எஞ்சின் எண்ணெய் மோர் போல வெளுத்தல், நின்ற பின்னும் நீர் குறைந்துகொண்டே இருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது மெக்கானிக்கின் வேலை. இந்நிலையில் ஓட்டவே கூடாது.

டீசல் எஞ்சின் பம்புசெட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பு இறைக்கும் நீரிலிருந்தே சிறு குழாய் வழியாக எஞ்சினுக்கு நீர் வரும் அமைப்பானால், பம்பு நீரை விட்டுவிட்ட உடனே எஞ்சினுக்கும் நீர் நின்றுவிடும்.

வயலில் சூடேறினால்

முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியதுமே கருவியைத் தூக்கிப் பளுவைக் குறையுங்கள். நீரும் விசிறிப் பட்டையும் இருக்கின்றன என்றால், எஞ்சினை உடனே அணைக்காமல் குறைந்த ஓட்டத்தில் சில நிமிடம் விடுங்கள். சூடு சீராக இறங்கும். ஆனால் நீராவி பீறிட்டாலோ, பட்டை அறுந்திருந்தாலோ, நீர் கொட்டியிருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். நீர் மிகவும் குறைந்துவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாமலும் போகலாம். ஆகவே முள் கீழே நிற்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது மிக முக்கியம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தால் நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். நீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி, மிச்ச நீரையும் முகத்தில் வாரி அடிக்கும். சாதத்தை எடுக்க அவசரப்பட்டு, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதற்கு ஒப்பான செயல் இது.

குறைந்தது அரைமணி நேரம் பொறுங்கள். ரேடியேட்டரின் மேல் கையை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கி நின்று, முதல் தடை வரை மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கிய பின்பே முழுவதும் கழற்றுங்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். சூடான எஞ்சினில் வாய்க்கால் நீரைச் சட்டென்று ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடும். நன்கு ஆறவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

மீறி யாருக்கேனும் வெந்துவிட்டால், 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். மை, பற்பசை, மஞ்சள், நெய் எதுவும் தடவ வேண்டாம். முகம், கண் பாதிக்கப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கூலன்ட் பற்றி

நம் ஊரில் நீர் உறைவதில்லை. கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. துருவையும் படிவையும் தடுக்கிறது. அடர் கூலன்ட் வாங்கினால் புட்டியில் குறித்த விகிதத்தில் வாலை வடிநீருடன் கலக்க வேண்டும், பெரும்பாலும் சரிபாதி. நீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும். கலந்து விற்பதை அப்படியே ஊற்றலாம். வெவ்வேறு வகைகளை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கையேட்டில் கூறிய காலத்தில் வடித்து மாற்றுங்கள்.

பெரும்பாலான கூலன்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் உள்ளது. இது கொடிய நஞ்சு, ஆனால் இனிக்கும். கவர்ச்சியான பச்சை, சிவப்பு நிறமும் சேர்ந்திருப்பதால் குழந்தைகள் சர்பத் என்று எண்ணிக் குடித்துவிடக்கூடும். ஏறத்தாழ 100 மில்லி ஒரு பெரியவரின் உயிரையே பறித்துவிடும். குழந்தைக்கும் நாய்க்கும் அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். முதலில் மது அருந்தியவர் போலத் தள்ளாடுவர். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். குடித்தவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். மாற்று மருந்து உண்டு. நேரத்தில் கொடுத்தால்தான் பயன்.

எனவே கூலன்டைக் குடிநீர்ப் புட்டியிலோ சாராயப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். வடித்த பழைய கூலன்டை மாட்டுத் தொட்டி அருகிலோ, வாய்க்காலிலோ, கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கலனில் பிடித்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு அள்ளி, அந்த இடத்தை நீர் விட்டுக் கழுவுங்கள்.

உழவர் பெருமக்களே, காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஆறிய எஞ்சினில் நீரின் அளவு, எண்ணெய், பட்டை, ரேடியேட்டர்த் தகடு ஆகிய நான்கையும் பாருங்கள். ஓட்டுநரை வைத்து ஓட்டுபவர்கள் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். குறிப்பாக, சூடான மூடியில் கை வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். வேலை அரைமணி நேரம் தாமதமானால் மாலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம். கண் போனால் ஈடில்லை.