பழைய காரையும் விற்க வேண்டாம், ஸ்கூட்டரையும் விட்டுவிட வேண்டாம்
(நலக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடக்க முடியாதவர்களுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பது பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்த வண்டியை வாசலுக்கு அப்பால் எப்படிக் கொண்டு போவது என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. கொடுத்த வண்டி வீட்டு மூலையிலேயே நின்றால், கொடுத்தவருக்கு மனநிறைவு இருக்கலாம். பெற்றவருக்கு என்ன பயன்?

இதை விளக்க இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எம்.ஜி.பி. என்று பெயர். 1962-இல் வெளிவந்தது. கூரையும் பின்கதவும் கொண்ட ஜி.டி. வகை 1965-இல் வந்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை தயாரித்தார்கள். இரு வகையும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் மேல் விற்றன. இன்றும் பலர் அதைப் பிள்ளை போலப் பேணுகிறார்கள்.

அப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது. கார் ஓட்டுவதில் சிரமமில்லை. ஆனால் இறங்கினால் ஐம்பது அடி நடக்க முடியாது. அவருக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர் தேவைப்படுகிறது. இது நம் இருசக்கர ஸ்கூட்டர் அல்ல. உட்கார்ந்தபடி மெதுவாகப் போகும் பேட்டரி வண்டி. "இனி எதற்கு அந்தக் கார்? விற்றுவிட்டுப் பெரிய வண்டி வாங்குங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் காரோடு வெளியே போகும் ஆசையும் போய்விட்டால், மனிதர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார். ஆகவே, விற்பதற்கு முன் முடியுமா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுப்பது. பிரிட்டனில் இவற்றை வகை பிரித்திருக்கிறார்கள். நடைபாதைக்கான இரண்டாம் வகை மணிக்கு 4 மைல் போகும். சாலையிலும் போகக்கூடிய மூன்றாம் வகை மணிக்கு 8 மைல் வரை போகும், பெரியது, கனமானது. இந்தக் காருக்கு அது ஒத்துவராது. கழற்றி எடுக்கும் சிறிய இரண்டாம் வகைதான் சரி. இருக்கை, பேட்டரிப் பெட்டி, முன்பாகம், மோட்டார் உள்ள பின்பாகம் என்று அது பிரியும். ஜி.டி. காரின் பின் இருக்கை சின்னது. முதுகுப்பகுதியை மடக்கினால் நீண்ட தட்டையான இடம் கிடைக்கும். திறந்த கூரை வகையில் டிக்கி மிகச் சிறியது. அதில் வேறு வழிதான் தேட வேண்டும். விளம்பரத்தில் உள்ள அளவை நம்பி வாங்காதீர்கள். காரைக் கடைக்கே கொண்டு போய், ஏற்றிப் பார்த்து, பின்கதவு மூடுகிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

இரண்டாவது, தூக்கப்போவது யார்? பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது. கழற்றினாலும் மோட்டார் உள்ள பாகம் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ இருக்கும். முழங்கால் தேய்ந்தவர் அதைத் தூக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் மனைவிதான் தூக்குவார். அவருக்கும் வயது எழுபது. அதுவும் நேராகத் தூக்குவதல்ல, குனிந்து, கையை நீட்டி, உள்ளே தள்ளுவது. ஒருமுறை இடுப்புப் பிடித்துக்கொண்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள். ஆகவே அந்த அம்மாவை அழைத்து, அவர் கையாலேயே தூக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் காரில் சிறிய மின்தூக்கி பொருத்த வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். தூக்கி 12 வோல்ட்டில் வேலை செய்யும். எம்.ஜி.பி.யில் 1974 வரை 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருந்தார்கள். 1967 வரை வந்த கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனையை உடலோடு இணைப்பார்கள். அவற்றில் நேர்முனை இணைந்திருக்கும். பிற்பாடு பலர் மாற்றியும் இருக்கிறார்கள். எனவே புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே கம்பியை இணைக்க வேண்டும். தூக்கிக்குத் தனிக் கம்பி பேட்டரியிலிருந்தே வர வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பழைய விளக்குக் கம்பியில் ஒட்டுப் போட்டால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும்.

நான்காவது, கட்டுவது. இதில் அலட்சியம் கூடாது. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், பின்னாலுள்ள 25 கிலோ பொருள் ஏறக்குறைய 340 கிலோ எடையின் விசையோடு முன்னே பாயும். ஜி.டி. காரில் ஓட்டுநரின் தலைக்கும் அந்தப் பொருளுக்கும் இடையே சுவர் இல்லை. கயிறு போதாது, பூட்டுள்ள பட்டைகளால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பட்டையை மாட்டும் வளையத்தைத் தகட்டில் துளையிட்டு, அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். துளையிடும் முன் அடியில் குனிந்து பாருங்கள். பின்தளத்தின் கீழே பெட்ரோல் தொட்டி இருக்கிறது. முன் இருக்கைகளுக்குப் பின்னால் தளத்துக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. துரு ஏறிய தகட்டில் எந்த வளையமும் நிற்காது; முதலில் தகட்டைச் சரிசெய்யுங்கள். பின்பக்கம் பட்டைவில் தாங்கிய கார் இது. பழைய வில் தளர்ந்திருந்தால் கூடுதல் பாரத்தில் பின்பக்கம் தாழும்; அதையும் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது சட்டம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிக்கு வரிவிலக்கும், ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கும் உண்டு. வண்டியின் உடலமைப்பைப் பெரிதாக மாற்றினால் சோதனை விலக்குக்கு ஆபத்து வரலாம். ஆகவே வெட்டாதீர்கள், திருகாணி போட்டு முடுக்குங்கள். நாளை கழற்றினால் கார் பழையபடி இருக்க வேண்டும். செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் கைவிரித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காரின் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். அதிலிருந்து தானாக எழ முடியாதவருக்கு எந்தத் தூக்கியும் உதவாது. நோய் கூடிக்கொண்டே போகுமானால், இன்று செலவு செய்வது ஓராண்டுக்கா, பத்தாண்டுக்கா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போது விற்பதுதான் சரி என்று தெரிந்தால், அவரே முடிவெடுத்து விற்கட்டும். மற்றவர்கள் அவருக்காக முடிவெடுப்பதும், அவரே முடிவெடுப்பதும் ஒன்றல்ல.

ஸ்போர்ட்ஸ் கார் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கும்? இருக்காது. ஆனால் சிறிய காரும், அதில் ஏற்ற வேண்டிய சக்கர நாற்காலியும், அதைத் தூக்கும் ஒரு தாயோ மகளோ பல வீடுகளில் இருக்கிறார்கள். இனி யாருக்காவது வண்டி வாங்கிக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இதை எதில் ஏற்றுவீர்கள்? யார் தூக்குவார்? எப்படிக் கட்டுவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் கொடுக்கும் வண்டிதான் அவர்களை வெளியே அழைத்துச் செல்லும்.