அறிவுத் தொழில்: பிரிட்ஸ் மாக்லுப் எழுதிய கணக்கு



கல்வியின் சிறப்பைப் பற்றித் தமிழில் பேசப்பட்டவை மிகுதி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தினார். நன்னூலார் இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்லும் முறை யாது என்று பாயிரத்திலேயே வகுத்தார். ஆயினும், ஒரு நாடு தன் மக்களுக்கு அறிவூட்ட எவ்வளவு செலவிடுகிறது, அச்செலவை யார் ஏற்கிறார் என்ற வினா அண்மைக் காலத்தது. ஒரு நாடு முழுமைக்கும் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தவர், பிரிட்ஸ் மாக்லுப் என்னும் பொருளியல் அறிஞர். பொருளியல், தகவலியல், உயர்கல்வி ஆகிய மூன்று துறைகளும் ஒருவர் வாழ்வில் சந்தித்த அந்த இடத்தைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மாக்லுப் 1902-இல் வியன்னாவுக்கு அருகிலுள்ள வீனர் நோய்ஸ்டாட் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பத் தொழில் அட்டை உற்பத்தி. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் லுட்விக் ஃபொன் மீசஸிடம் பயின்று 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னும் அட்டைத் தொழிலை விடவில்லை. பகலில் ஆலைக் கணக்கும் மாலையில் பொருளியல் கருத்தரங்குமாக அவருடைய இளமை கழிந்தது. மூலப்பொருள் என்ன விலை, கூலி எவ்வளவு என்பதைக் கையால் எழுதிப் பழகியவர் அவர். பின்னாளில் அறிவுக்கும் செலவுப் பேரேடு எழுதத் துணிந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாகலாம். 1933-இல் அமெரிக்கா சென்றார். பஃபலோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிரின்ஸ்டன், நியூயார்க் எனப் பல்கலைக்கழகங்களில் தொடர்ந்து கற்பித்து 1983-இல் மறைந்தார்.

அறிவைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி காப்புரிமையில் தொடங்கியது. புதியது கண்டவருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் தனியுரிமை வழங்குவதால் நாட்டுக்கு நன்மையா தீமையா என்று அமெரிக்க மேலவையின் குழு ஒன்றுக்காக 1958-இல் ஓர் அறிக்கை எழுதினார். காப்புரிமை முறை இதுவரை இல்லாதிருந்தால் அதைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்வது பொறுப்பற்ற செயல்; நெடுங்காலமாக இருந்துவிட்டதால் அதை ஒழிக்கச் சொல்வதும் பொறுப்பற்ற செயல் என்பது அதன் முடிவு. இதைக் கேட்டு நகைத்தவர்கள் உண்டு. தெரிந்த அளவுக்கு மேல் தீர்ப்புச் சொல்ல மறுக்கும் நேர்மை அதில் இருந்ததை அவர்கள் காணவில்லை.

காப்புரிமையை ஆராய்ந்தவர், அதற்கு அடிப்படையான ஆராய்ச்சிப் பணியின் செலவை அறிய விரும்பினார். ஆராய்ச்சியாளரை உருவாக்குவது பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தருவது பள்ளி. பள்ளிக்குப் பிள்ளையைப் பேசவும் கேட்கவும் பழக்கி அனுப்புவது வீடு. ஒரு நூலை இழுக்க, ஆடை முழுவதும் பிரிந்து வந்த கதையாயிற்று. 1962-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம், அமெரிக்காவில் அறிவின் உற்பத்தியையும் வழங்கலையும் பற்றிய அவருடைய நூலை வெளியிட்டது.

அந்நூலில் முதற்கண் கருதத்தக்கது, அறிவு என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள். தொழிலுக்குப் பயன்படும் அறிவு, சிந்தனையை வளர்க்கும் அறிவு, பொழுதுபோக்கும் ஊர்ப்பேச்சுமான அறிவு, சமயம் சார்ந்த அறிவு, வேண்டாமலே வந்து ஒட்டிக்கொள்ளும் அறிவு என ஐந்தாக வகுத்தார். திண்ணைப் பேச்சையும் திருமறையையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா என்று புலவர்கள் முகம் சுளிக்கக்கூடும். மாக்லுப் இங்கே நடுவராக நிற்கவில்லை, கணக்கராக நின்றார். மக்கள் எதை அறிகிறார்களோ அதுவே அறிவு. அதன் தரத்தை முடிவு செய்வது கணக்கரின் வேலையன்று என்பது அவர் கொள்கை.

இரண்டாவது, உற்பத்தி என்ற சொல். புதியதைக் கண்டுபிடித்தல் மட்டுமே உற்பத்தி என்று அவர் கொள்ளவில்லை. ஒருவர் அறிந்ததை, அறியாத மற்றொருவர் உள்ளத்தில் தோன்றச் செய்தலும் உற்பத்தியே என்றார். ஆகவே, யாரும் அறியாததை ஆய்வுக்கூடத்தில் காண்பவரும், எல்லாரும் அறிந்த வாய்பாட்டை முதல் வகுப்பில் சொல்லித் தருபவரும் அவர் கணக்கில் ஓரினம். ஆய்வு உயர்ந்தது, கற்பித்தல் அதற்கு அடுத்தது என்ற பாகுபாடு பல்கலைக்கழகங்களில் இன்றளவும் வேரூன்றி நிற்கிறது. அதை ஏற்காத ஒரு பொருளியல் நூலை ஆசிரியர்கள் இன்னும் பரவலாகப் படித்திருக்க வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டுக்கு மாக்லுப் கண்ட மொத்தச் செலவு 13,643 கோடி டாலருக்குச் சற்று மேல். தாம் திருத்தியமைத்த மொத்த நாட்டு உற்பத்தியில் இது 29 விழுக்காடு என்றார். இதில் கல்விக்கு 6,019 கோடி, செய்தித் தொடர்புச் சாதனங்களுக்கு 3,837 கோடி, தகவல் சேவைகளுக்கு 1,796 கோடி, ஆராய்ச்சிக்கு 1,099 கோடி, தகவல் எந்திரங்களுக்கு 892 கோடி. இவை பலரும் எடுத்தாண்ட எண்கள். கல்வி என்ற தலைப்பின் கீழுள்ள உட்பிரிவுகளைப் பார்த்தவர் சிலரே. பொருள் பொதிந்த பகுதியோ அதுதான்.

அங்கே வீட்டுக் கல்வி என்று ஒரு வரி இருக்கிறது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளை வளர்க்கும் தாய்மார், வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியம் எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதைக் கல்விச் செலவாக மாக்லுப் எழுதினார். 443 கோடி டாலர். ஆராய்ச்சிக்கு நாடு முழுவதும் செலவானதில் இது ஐந்தில் இரண்டு பங்கு. அணுவையும் ஏவுகணையையும் ஆராய்ந்த காலம் அது. அந்தப் பேரேட்டின் இன்னொரு பக்கத்தில், மடியில் குழந்தையை வைத்துச் சொல் பழக்கிய தாயின் உழைப்பும் தொகையாக இடம்பெற்றது. அவளுக்கு யாரும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை என்பது வேறு. கொடுக்கப்படாத பணத்தையும் செலவென்று ஒப்புக்கொண்டதே இங்குப் பெரிது.

இதே முறையை உயர்கல்விக்கும் கையாண்டார். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 1,276 கோடி டாலர் கொண்டன எனக் கணக்கிட்டார். அதில் கையிலிருந்து பணமாகச் சென்றது 444 கோடி மட்டும். எஞ்சியதில் பெரும்பகுதி, படிக்கும் ஆண்டுகளில் மாணவர் ஈட்டாமல் விட்ட வருமானம். உயர்கல்விக்கு அரசு வாரி வழங்குகிறது என்று பேசும்போதெல்லாம் இந்தப் பாதி மறைந்துவிடுகிறது. கட்டணம் அறவே இல்லாத கல்லூரியிலும் ஏழை வீட்டு மாணவர் ஒருவர் ஒரு பெருஞ்செலவைச் செய்துகொண்டே அமர்ந்திருக்கிறார். அவர் பாதியில் நின்றுவிட்டால் ஊக்கமின்மை என்கிறோம். அவர் வீட்டுக் கணக்கில் அது வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

அப்பட்டியலில் மிகச் சிறிய தொகை பொது நூலகத்துக்குரியது: 14 கோடி. 6,019 கோடியில் 14 கோடி! படிப்பவரின் காலத்தையும் செலவாகக் கருதும் எண்ணம், பொருளியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. துறை வேறு, நாடு வேறு. ஆயினும் இருவரும் காலத்தைக் காசாகக் கண்டனர். ரங்கநாதன் இன்னும் ஒரு படி சென்றார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேற அவர் பாடுபட்டார். வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்தது. அறிவின் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு ஊரார் அனைவரும் என்று விடை கூறிய சட்டம் அது.

மாக்லுப்பின் எண்ணுக்கு விரைவிலேயே ஒரு வரலாறு உண்டாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், 1963-இல் ஹார்வர்டில் பல்கலைக்கழகத்தின் பயன்களைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதில் இந்த 29 விழுக்காட்டை எடுத்துக்காட்டி, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப்பாதை செய்ததை இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அறிவுத் தொழில் செய்யும் என்றும், அத்தொழிலின் நடுவே பல்கலைக்கழகம் நிற்கிறது என்றும் கருத்துரைத்தார். செலவைக் குறிக்க எழுந்த எண், ஒரு நிறுவனத்தின் குறிக்கோளாக உருமாறியது இங்கேதான். செலவு பெரிது என்பதால் பயனும் பெரிது என்று ஆகிவிடாது. பயன் பெரிது என்றாலும் அது யாருக்கு என்ற கேள்வி நிற்கிறது.

அக்கேள்வியை மாணவர்களே எழுப்பினர். 1964-இல் கெர்ரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமை இயக்கம் மூண்டது. அவ்வளாகத்து நூலகத்தில் பணியாற்றிய ஹால் டிரேப்பர், கெர்ரின் கருத்துகளைத் தாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பல்கலைக்கழகம் அறிவுத் தொழிற்சாலையாகிறது என்ற கண்டனம் பரவியது. அந்நாளில் மாணவர் பதிவுக்குத் துளையட்டைகள் பயன்பட்டன. அவற்றை மடிக்காதே, கிழிக்காதே என்று அச்சிட்டிருந்த எச்சரிக்கையை மாணவர்கள் தங்களுக்கே பொருத்தி, அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தனர். டிசம்பர் 2 அன்று மாரியோ சாவியோ பல்கலைக்கழகத்தை எந்திரமாக உருவகித்து, அதன் இயக்கத்தை உடல் கொண்டு தடுக்க அழைத்தார். ஏறத்தாழ 800 பேர் சிறைப்பட்டனர். மாக்லுப்பின் ஐந்து பிரிவுகளுள் கல்வி, தகவல் எந்திரம் என்ற இரண்டும் அந்த வீதியில் நேருக்கு நேர் நின்றன எனலாம்.

இதில் மாக்லுப்புக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. தொழில், உற்பத்தி என்ற சொற்களைத் தேர்ந்தவர் அவரே. சொல் வெறும் கருவி என்று நினைப்பவர்களைச் சொல் பழிவாங்கும். இலக்கியம் பயில்வோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனினும், பல்கலைக்கழகத்தைச் சந்தைக்கு ஒப்புவிக்க அவர் விரும்பியவரல்லர் என்பதற்கு அதே ஆண்டில் சான்று உண்டு. 1962 முதல் 1964 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் தலைவராக இருந்த அவர், ஆசிரியரின் பணி நிலைப்பைக் காத்துத் தலைமையுரை ஆற்றினார். பிறர் காப்புரை எழுதினால் குறைகளை மறைப்பார்கள். இவரோ குறைகளையே முதலில் அடுக்கினார். திறமையற்றவர் வெளியேறாமல் தங்கிவிடலாம், அதனால் நிறுவனத்துக்கும் மாணவருக்கும் இழப்பு. பணி உறுதி என்பதால் ஆசிரியரின் ஊதியமும் குறைவாகவே நிற்கலாம், அதனால் ஆசிரியருக்கும் இழப்பு. இவ்வளவுக்கும் பிறகு, அஞ்சாமல் ஆராயவும் கற்பிக்கவும் பேசவும் ஆசிரியருக்கு உள்ள உரிமையால் சமுதாயம் முழுவதும் பெறும் நன்மை இவ்விழப்புகளைவிடப் பெரிது என்று நிறுவினார். ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டே கல்லூரிகள் ஓடும் இந்நாளில் அவ்வுரை மீண்டும் படிக்கத்தக்கது.

1977-இல் மார்க் போரட் என்பவர் அமெரிக்க வணிகத் துறைக்காகத் தகவல் பொருளாதாரத்தை ஒன்பது தொகுதிகளில் அளந்தார். 1967-ஆம் ஆண்டின் மொத்த நாட்டு உற்பத்தியில் 46 விழுக்காடு தகவல் சார்ந்தது என்பது அவர் முடிவு. அறிவு என்ற சொல் போய்த் தகவல் என்ற சொல் வந்தது, எண்ணும் உயர்ந்தது. ஆனால் போரட் நாட்டு வருமானக் கணக்கின் வரம்புக்குள் நின்றார். ஊதியமின்றி வீட்டுக்குள் நடக்கும் பணி அவ்வரம்புக்குள் அன்றும் வராது, இன்றும் வருவதில்லை. தாயின் வரி கணக்கிலிருந்து விழுந்தது. அது விழுந்ததைப் பற்றிப் பெரிதாக விவாதம் ஏதும் எழவில்லை.

தகவல் என்ற சொல்லைப் பற்றி மாக்லுப் இறுதிவரை கண்டிப்பாக இருந்தார். தந்திக் கம்பியில் செல்லும் குறிகளை அளக்கும் கணிதத்தைத் தகவல் கோட்பாடு என்று அழைப்பது அவருக்கு உடன்பாடன்று. ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வதும், சொல்லப்பட்டதுமே தகவல். குறி வெறும் குறி என்றார். ஊனா மேன்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து பல துறை அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்து, இந்த வழக்கை அவர்கள் முன் வைத்த பெருநூல் 1983-இல், அவர் மறைந்த ஆண்டில் வந்தது.

1962-இன் நூலை விரித்து, எழுபது வயதுக்குப்பின் அவர் தொடங்கிய புதிய வரிசை முதலில் எட்டுத் தொகுதிகளாகவும் பின்னர்ப் பத்தாகவும் திட்டமிடப்பட்டது. 1980-இலும் 1982-இலும் இரண்டு வெளிவந்தன. மூன்றாவது அவர் மறைவுக்குப் பின் 1984-இல் வந்தது. மற்றவை எழுதப்படாமலே நின்றன. மைக்கேல் ரூபின், மேரி ஹியூபர் இருவரும் 1986-இல் பழைய கணக்கை 1980 வரை நீட்டி, அறிவுத் தொழிலின் பங்கு 29-இலிருந்து ஏறத்தாழ 34 விழுக்காடு ஆகியிருப்பதைக் காட்டினர். இருப்புப்பாதையோடு ஒப்பிட்டுச் சொன்ன வேகம் அந்த எண்களில் இல்லை.