குருத்தெலும்பின் இடத்தில் எலும்பு: மாநாட்டுத் தலைமை உரை



கருவிலுள்ள குருத்தெலும்பே நாளடைவில் இறுகி எலும்பாகிவிடுகிறது என்னும் எண்ணம் இன்றும் மாணவரிடையே நீங்கியபாடில்லை. எலும்பு உருவாதல் பற்றி 1736-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த தம் நூலிலேயே ராபர்ட் நெஸ்பிட் இதை மறுத்து, எலும்பு சில இடங்களில் சவ்வுகளுக்கிடையிலும் வேறு சில இடங்களில் குருத்தெலும்புக்குள்ளும் தோன்றுகிறது என்று எடுத்துக்காட்டினார். நுண்ணோக்கியின் பெருந்துணை வாய்க்காத காலத்தில் அவர் கண்ட இவ்விருவழிப் பாகுபாடே இன்றைய பாடநூல்களிலும் நிலைத்து நிற்கிறது.

இரு வழிகளுக்கும் தொடக்கம் ஒன்றே. தளர்வாகப் பரவிக் கிடக்கும் இடைத்திசுவின் செல்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரள்கின்றன. கருவுற்ற ஏறத்தாழ ஆறாம் வாரத்தில், தொடை எலும்பு அமையவிருக்கும் இடத்தில் இத்திரள் குருத்தெலும்பாலான முன்வடிவமாகிறது. பின்னர் அதன் நடுப்பகுதிச் செல்கள் பன்மடங்கு பருத்துத் தம்மைச் சுற்றியுள்ள பொருளில் சுண்ணாம்புப் படிவை ஏற்படுத்த, அதே வேளையில் வெளிப்புறச் சவ்வின் அடியில் மெல்லிய எலும்பு வளையம் ஒன்று சூழ்கிறது. அந்த வளையத்தைத் துளைத்து நுழையும் இரத்தக் குழாய்கள், பழையதை அரிக்கும் செல்களையும் எலும்பைக் கட்டும் செல்களையும் உடன் கொண்டுவர, அரிக்கப்படாமல் எஞ்சிய சுண்ணாம்புக் கீற்றுகளையே சாரமாகக் கொண்டு புதிய எலும்பு எழுகிறது. முதன்மை எலும்பாக்க மையம் எனப்படுவது இதுவே. பன்னிரண்டாம் வாரத்திற்குள் கைகால்களின் நீண்ட எலும்புகள் அனைத்திலும் இது தோன்றிவிடுகிறது. எனினும், எலிகளில் செல்களின் வழிமரபைத் தொடர்ந்து சென்ற அண்மைக்கால ஆய்வுகள், பருத்த குருத்தெலும்புச் செல்களுள் ஒரு பகுதி மடியாமல் பிழைத்து எலும்பைக் கட்டும் செல்களாகவே மாறுவதைக் காட்டியுள்ளமையால், பழைய எண்ணத்தை முற்றாகத் தள்ளிவிடுவதும் பொருந்தாது.

மண்டையோட்டின் மேற்கூரையிலும் முகத்தின் பெரும்பகுதியிலும் குருத்தெலும்பின் இடையீடின்றிச் சவ்விலேயே எலும்பு படிகிறது. உடலில் முதலில் எலும்பாகத் தொடங்கும் காறை எலும்பும் பெரும்பாலும் இவ்வழியினதே. முதலில் தொடங்கும் அதுவே, மார்பு நோக்கிய முனை இருபது வயதைக் கடந்தும் இணையாதிருப்பதால், முழுமையடைவதில் கடைசியாகவும் நிற்கிறது. ரன்க்ஸ்2 என்னும் மரபணுவின் இரு பிரதிகளும் நீக்கப்பட்ட எலிகளில் குருத்தெலும்புச் சட்டகம் மட்டுமே இருந்து எலும்பு தோன்றாமையை 1997-இல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. மனிதரில் ஒரு பிரதி மட்டும் பழுதுற்றால், காறை எலும்பு குன்றியோ இல்லாமலோ போவதும் உச்சிக்குழி மூடக் காலந்தாழ்வதும் காணப்படுகின்றன.

இவையனைத்தும் வாரக் கணக்கைச் சார்ந்தவை என்பதால், ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுதல் நலம். ஸ்கேனில் தொடை எலும்பின் நீளமாக அளக்கப்படுவது எலும்பாகிவிட்ட தண்டுப் பகுதி மட்டுமே; குருத்தெலும்பாக உள்ள முனைகள் அதில் சேர்வதில்லை. அந்த அளவு தரும் வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. கருவியல் நூல்களின் வாரமோ கருவுற்ற நாளிலிருந்து எண்ணப்படுவது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இரு வார வேறுபாடு உண்டு. எனவே, கட்டுரை வழங்குவோர் ஒவ்வொருவரும் தாம் கையாளும் கணக்கு எதுவென முதலிலேயே அறிவித்துவிட்டுத் தொடங்குமாறு இவ்வவை கேட்டுக்கொள்கிறது.