மீன் குஞ்சுகளின் தொட்டில்



மார்டள்ளியைச் சுற்றி மலைகள். கடல் வெகு தூரம். ஆனாலும் இந்த மலைகளில் பெய்யும் மழை, ஓடைகள் வழியாகக் காவிரியில் சேருகிறது. காவிரியின் ஒரு கிளை கொள்ளிடம். அது கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே பிச்சாவரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர் அது.

அங்கே உப்புத் தண்ணீரில் ஒரு காடு வளர்கிறது. அதற்கு அலையாத்திக் காடு என்று பெயர். சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை ஆகியவை அதன் மரங்கள்.

கொடுவா என்று ஒரு மீன் உண்டு. தூண்டிலில் மாட்டினால் துள்ளிப் போராடும். நல்ல விலைக்குப் போகும். அது ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் அருகே முட்டையிடும். குஞ்சுகள் காட்டுக்குள் வந்துவிடும். ஏன்? வேர்களின் இடுக்கில் பெரிய மீன்கள் நுழைய முடியாது. உதிர்ந்த இலைகள் மக்கும். அதைத் தின்று சிறிய உயிர்கள் பெருகும். அவையே குஞ்சுகளுக்கு இரை. இறாலும் மடவையும் இப்படித்தான் வளர்கின்றன.

இந்தக் காடு ஒரு காலத்தில் அழிந்துகொண்டு வந்தது. ஆங்கிலேயர் காலம் முதல், பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். நிழல் போனது. வெயிலில் மண் காய்ந்து, தரை பள்ளமானது. கடல் நீர் பள்ளத்தில் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு கூடியது. பிறகு அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் ஒன்று கூடினார்கள். முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், இருபுறமும் சிறிய வாய்க்கால்கள். பார்த்தால் மீன் முள் போல இருக்கும். கடல் நீர் ஏறி இறங்கியது. உப்பு குறைந்தது. கரையில் கன்று நட்டார்கள். மீண்டும் காடு எழுந்தது.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அங்குள்ள இருளர் குடும்பங்கள் கழியில் இறங்கிக் கையாலேயே மீனும் இறாலும் பிடிக்கிறார்கள். காடு இல்லாவிட்டால் அவர்கள் அடுப்பு எரியாது.

மார்டள்ளி மக்களுக்கும் இதில் வேலை உண்டு. காவிரியில் மகசீர் என்ற பெரிய மீன் வாழ்கிறது. அதில் திமில் உள்ள ஒரு வகை, காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதுவும் அழியும் நிலையில் இருக்கிறது. ஆற்றில் வெடி போட்டால் தாய் மீனோடு குஞ்சும் சாகும். பொடிக்கண்ணி வலை போட்டால் அடுத்த ஆண்டு மீன் இருக்காது.

குஞ்சை விட்டுவைத்தால்தான் நாளைக்கு மீன் கிடைக்கும். இதைப் படித்தவர்கள், படிக்காதவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.